உடையப்போகும் குரல்

சிறுவர்களே நடித்த பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்க்கக் கூட்டிவரப்பட்ட பையனிடம் முதலில் ‘பாடு’ என்றுதான் சொன்னார்கள். நடிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பஜனை மடத்திலோ திருவிழாவிலோ காதில் விழுந்த ஏதாவது ஒன்றை அவன் பாடுவான். ஆர்மோனியக்காரர் சுருதி கூட்டுவார், பையன் அதில் சேருகிறானா என்று பார்ப்பார், கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பார். மேலே போனால் குரல் கம்முகிறதா, கத்தலாகிறதா, இல்லை அலட்சியமாக நிற்கிறதா? வாத்தியார் முகத்தைப் பார்த்துக் கம்பெனி முதலாளி தலையசைப்பார். ஏழு வயதோ எட்டு வயதோ ஆன ஒரு பிள்ளையின் வாழ்க்கை அந்தச் சில நிமிடங்களில் திசை மாறிவிடும். சேர்ந்துவிட்டால் சாப்பாடு, துணி, கம்பெனி வீட்டில் படுக்க ஓர் இடம், விடிவதற்கு முன் எழுந்து குரல் சாதகம்.

குரலை இப்படிக் கறாராகச் சோதித்ததற்குக் காரணம் இருந்தது. அன்றைய நாடகத்தில் வசனம் பாட்டுக்கு நடுவே வந்துபோன ஒன்று. பாத்திரம் தன்னை அறிமுகம் செய்வது பாட்டில், தர்க்கம் பாட்டில், காதல் பாட்டில், சாவுகூடப் பாட்டில். ஒலிபெருக்கி கிடையாது. கீற்றுக் கொட்டகையின் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். தாழ்ந்த குரல் அவ்வளவு தூரம் போவதற்குள் கூட்டத்தின் இருமலிலும் முறுக்கு விற்பவன் கூவலிலும் கரைந்துவிடும். உச்சத்தில் நிற்கும் குரல் அதையெல்லாம் தாண்டிப் போகும். செங்கோட்டை கிட்டப்பாவைப் பற்றி இன்றுவரை பேசப்படுவதெல்லாம் இந்த உயரத்தைப் பற்றித்தான். 1906இல் பிறந்து 1933இல், இருபத்தேழு வயதில், இறந்துபோன அந்த மனிதர் மற்ற ஆண்கள் எட்டத் தயங்கிய சுருதியில் அநாயாசமாக நின்று பாடியவர். சின்ன வயதிலேயே மேடைக்கு வந்தவர்.

பையன்களை வைத்து நாடகம் போடலாம் என்ற எண்ணம் கலையிலிருந்து மட்டும் பிறந்ததில்லை. வளர்ந்த நடிகர்கள் வாத்தியார் சொன்னதைக் கேட்கவில்லை. எழுதியது ஒன்று, மேடையில் பாடியது ஒன்று. எதிரில் நிற்பவனை மட்டந்தட்டுவதற்காகவே கேள்வி மேல் கேள்வி போட்டார்கள்; குடித்துவிட்டு வந்தார்கள்; சிலர் வரவே இல்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இதையெல்லாம் பட்டுச் சலித்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ராவணனாகவும் எமனாகவும் சனீஸ்வரனாகவும் மேடையை நடுக்கிய நடிகர், வேஷத்தைக் கலைத்துவிட்டுக் குழந்தைகளுக்கு வாத்தியாரானார். அந்த ஆண்டே சபாவில் சேர்ந்தவர்களில் டி. கே. எஸ். சகோதரர்கள் உண்டு. தம்பி சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவர்களுடைய அப்பா கண்ணுசாமிப் பிள்ளை பெண் வேடம் போடும் ஸ்திரீபார்ட் நடிகர் என்பதால், வீட்டுக்குள்ளேயே பாதித் தேர்வு முடிந்திருக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதைக் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள், யாரும் பையனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்தக் குரலுக்காக அவனைச் சேர்த்தார்களோ அந்தக் குரல் ஐந்தாறு வருடத்தில் போய்விடும். மகரக்கட்டு என்று அதற்குப் பெயர். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. இறங்கும் காலத்தில் அது எங்கே நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. நேற்று ராத்திரி எட்டிய இடத்தில் இன்றைக்குக் கிறீச்சென்று இரண்டாகப் பிளக்கும். கொட்டகை சிரிக்கும். ஸ்திரீபார்ட்டுக்கும் நாயகன் வேடமான ராஜபார்ட்டுக்கும் ஒரே சுருதியில் பாட முடிந்ததுதான் பையன்கள் நாடகத்தின் பெரிய வசதி. இருவரும் சிறுவர்கள், இரண்டும் உயர்ந்த குரல்கள், ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்ற வேண்டியதே இல்லை. ஒருவனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் இந்த ஏற்பாடு குலையும். நேற்றுவரை அயன் ராஜபார்ட்டாக இருந்தவன் இன்று சிப்பாயாக ஈட்டி பிடித்து நிற்பான், அல்லது பபூன் வேஷத்துக்குத் தள்ளப்படுவான், அல்லது ஊருக்கு ரயில் ஏறுவான்.

புதுக்கோட்டை சின்னப்பா இப்படி வெளியே வந்தவர்களில் ஒருவர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாகக் கொடிகட்டிப் பறந்தவர் மகரக்கட்டில் மாட்டினார். குரல் திரும்பும்வரை அவர் சும்மா இருக்கவில்லை. சங்கீதம் படித்தார், குஸ்தியும் சிலம்பமும் கற்றார். பாடகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருக்கக்கூடும். 1940இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் அவர் இரட்டை வேடத்தில் கத்தி சுழற்றியதைப் பார்த்தவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். 1944இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தின் ஒரு காட்சியில் பாடுகிறவரும் சின்னப்பா, சுற்றி உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் சின்னப்பா. கேமரா வித்தைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சின்னப்பாவும் மற்றவரைக் கேட்கிற பாவனையைக் கவனியுங்கள். ஒருவர் தாளத்துக்குத் தலையாட்டும்போது இன்னொருவர் அடுத்த வரிக்குத் தயாராகிறார். எதிரில் யாருமே இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து அப்படி நடிக்க வேண்டுமென்றால் கச்சேரி முழுவதும் அந்த ஆளின் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குரல் உடையும், காது உடைவதில்லை. கம்பெனித் தேர்வுகளைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது: அவர்கள் குரலைத்தான் சோதித்தார்களா, அல்லது குரல் வழியாக வேறொன்றையா?

சிவாஜி கணேசன் தேர்வு கொடுத்த கதை பலருக்கும் தெரியும். திருச்சி சங்கிலியாண்டபுரத்துப் பையன், கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு நடிகனாவது என்று முடிவு செய்தவன், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி வந்தபோது போய் நின்றான். தாய் தகப்பன் இல்லாத அநாதை என்று பொய் சொன்னான். பாடச் சொன்னார்கள், பாடினான், சேர்த்துக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பொய்யைத்தான் பெரிதாகச் சொல்வார்கள், அவருடைய முதல் நடிப்பு அதுதான் என்று ஒரு பாராட்டும் சேரும். எனக்கு அந்தப் பாட்டு முக்கியமாகப் படுகிறது. பாடித்தான் உள்ளே நுழைந்தார். சீதை வேஷமும் கட்டினார். ஆனால் 1952இல் ‘பராசக்தி’யில் அவருக்காகப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன், பிறகு பல வருடங்கள் டி. எம். சௌந்தரராஜன். நுழைவுச்சீட்டாக இருந்த குரல் தொழிலில் பயன்படவே இல்லை. பின்னணிப் பாடல் வந்தபின் நடிகனின் தொண்டை சுதந்திரமாகிவிட்டது என்று ஒருவர் சந்தோஷப்படலாம். கம்பெனியில் தினமும் விடியற்காலையில் போட்ட சாதகம் என்னவாயிற்று?

அது வசனத்துக்குள் போனது என்பது என் எண்ணம். சிவாஜியின் நீண்ட வசனங்களைக் கண்ணை மூடிக் கேட்டால் எங்கே எடுப்பு, எங்கே ஏற்றம், எங்கே மூச்சு என்று ஒரு கீர்த்தனைபோல் பிரித்துக் காட்டலாம். கீழ்ஸ்தாயியில் ஆரம்பித்து மெல்ல ஏற்றிக்கொண்டே போய், உச்சத்தில் நிற்காமல் திடீரென்று கீழே இறக்குகிறார். அவருடைய நடிப்பு மிகை என்று சிறுபத்திரிகை வட்டாரத்தில் நாம் சலிக்காமல் எழுதியிருக்கிறோம். அந்த மிகை பெரும்பாலும் சங்கீதத்தின் மிகை. பேச்சு மொழியின் அளவுகோலால் அதை அளந்தால் கூடுதலாகத்தான் தெரியும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் வந்தது. நாதஸ்வரம் வாசித்தவர்கள் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் நாம் பார்ப்பது சிவாஜியின் கன்னம், கழுத்து நரம்பு, விரல்கள். சீவாளியை உதட்டில் வைக்குமுன் எச்சில் கூட்டிக்கொள்வது, தவில்காரர் தனியாவர்த்தனத்தில் இருக்கும்போது வாத்தியத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டு அரைக் கண்ணால் கணக்கைத் தொடர்வது, இதெல்லாம் ஒத்திகையில் சொல்லிக்கொடுத்து வருகிற விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. தவில் பக்கம் உட்கார்ந்திருப்பவர் டி. எஸ். பாலையா, அவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர். படத்தின் இயக்குநர் ஏ. பி. நாகராஜன் டி. கே. எஸ். கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டவர். ஆக, ஒரு நாதஸ்வரக் குழுவாக அங்கே அமர்ந்திருப்பது, கேமராவுக்கு முன்னும் பின்னுமாக, கம்பெனி வீட்டுச் சங்கீதம்தான். வாசிக்கத் தெரியாதவர்கள் வாசிப்பவர்களாக நடித்தார்கள் என்று சொல்வது சரியான வாக்கியம்தான். ஆனாலும் அவர்களுக்கு ‘வாசிக்கத் தெரியாது’ என்று எழுதக் கை கூசுகிறது.

இவ்வளவு சொன்னதும் கம்பெனிகளைக் குருகுலம் என்று கொண்டாடும் ஆசை வரும். அதில் எனக்கு உடன்பாடில்லை. அவை வியாபார நிறுவனங்கள். குழந்தைகள் இரவு முழுக்க உழைத்தார்கள். பாடம் தப்பினால் பிரம்படி பட்டார்கள். பிள்ளைக்கு மூன்று வேளை சோறு நிச்சயம் என்பதற்காகவே கொண்டுவந்து விட்ட பெற்றோர்கள் ஏராளம். அநாதை என்று சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பையனுக்குத் தோன்றியிருக்கிறதே, கேட்க ஆளில்லாத பிள்ளை கம்பெனிக்கு வசதி என்பது அன்று ஊரறிந்த விஷயமாக இருந்திருக்க வேண்டும். தேர்வில் தோற்று வீடு திரும்பிய பையன்களைப் பற்றி எந்தச் சுயசரிதையும் இல்லை. அவர்களில் சிலர் தப்பித்தவர்களாகவும் இருக்கலாம்.

சுவாமிகள் கொஞ்சம் வேறு மாதிரி ஆள் என்று நம்ப இடமிருக்கிறது. சிறுவன் சண்முகத்தை மனதில் வைத்து ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை எழுதி முடித்தார் என்பார்கள். அந்த வேகத்தைப் பற்றி வியப்பவர்கள் உண்டு. என்னைக் கவர்வது வேறு. பாத்திரத்துக்கு ஏற்ற பையனைத் தேடாமல், கையில் இருக்கும் பையனின் குரல் எதுவரை போகும், எங்கே இனிக்கும், எந்தச் சொல் அவன் வாயில் தடுக்கும் என்று தெரிந்துகொண்டு பாட்டைக் கட்டுகிற வாத்தியார் அவர். அப்படிப்பட்டவருக்குச் சேர்க்கை நாளோடு தேர்வு முடிவதில்லை. தினமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1921இல் பக்கவாதம் வந்து அவருடைய பேச்சே அடங்கிப்போனது. கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் அடுத்த வருடம் நவம்பரில் புதுச்சேரியில் இறந்தார். இன்று அதே ஊரின் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அதன் தொடக்க காலத்தை வழிநடத்தியவர் நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி.

பெண்களுக்கு இந்தக் கதை வேறு விதமாக நடந்தது. பாய்ஸ் கம்பெனியின் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது, பெயரிலேயே பூட்டுப் போட்டிருந்தார்கள். கொடுமுடியைச் சேர்ந்த சுந்தராம்பாள் ரயிலில் பாடிக்கொண்டிருந்தபோது குரல் நாடகக்காரர் நடேச ஐயர் காதில் விழ, நாடகத்துக்கு அழைத்துவரப்பட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. சுருதிப்பெட்டி இல்லை, வாத்தியார் இல்லை, ரயிலின் கடகடப்பை மீறி ஒரு குரல் கேட்டதே போதுமானதாக இருந்தது. அந்தக் குரலுக்கு மகரக்கட்டு வரவேயில்லை. பெண்களின் குரலும் பருவத்தில் மாறத்தான் செய்யும், ஆனால் அது படியிறங்குவதுபோல் சிறிது இறங்கி நின்றுவிடும். 1935இல் ‘பக்த நந்தனா’ரில் ஆண் வேடம் ஏற்று நடிக்க அவருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். ஆண் பிள்ளைகள் சேலை கட்டிக்கொண்டு சீதையாக நின்ற நாட்டில் ஒரு பெண் நந்தனாராக நின்று அவர்கள் எல்லோரையும்விட அதிகம் வாங்கினார். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாக வந்து பாடியபோது அதே குரல், கொஞ்சம் முற்றி, இன்னும் உயரத்திலேயே இருந்தது. கம்பெனிக்காரர்கள் நிலைக்கிற குரல்களை வெளியே நிறுத்திவிட்டு நிலைக்காத குரல்களைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள்.

கம்பெனிப் பையன்கள் நம்மிடம் மட்டும் இருக்கவில்லை; பக்கத்துக் கர்நாடகத்தில் பி. வி. காரந்த் இருந்தார். சிறுவனாக குப்பி வீரண்ணாவின் கம்பெனியில் சேர்ந்தவர். கம்பெனியே அவரைக் காசிக்குப் படிக்க அனுப்பியது. அங்கே ஓம்கார்நாத் தாக்கூரிடம் இந்துஸ்தானி இசை கற்றார். பிறகு தில்லியில் தேசிய நாடகப் பள்ளி மாணவர், 1977 முதல் 1981 வரை அந்தப் பள்ளியின் இயக்குநர், 1989இல் மைசூர் ரங்காயணத்தின் முதல் இயக்குநர். கம்பெனிப் பையன் ஒருவன், ஒரு தேசத்தின் நாடகப் பள்ளியில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் நாற்காலியில் உட்கார்ந்தான். மேடையில் கல்லையும் தகரத்தையும் தட்டி இசையமைத்தவர் அவர். நல்ல குரல் இல்லாத நடிகனையும் இசைக்குள் இழுத்துக்கொள்ள அவருக்கு வழி தெரிந்திருந்தது.

இன்றைய நாடகப் பள்ளித் தேர்வுகள் ஒருநாள் விவகாரமாக முடிவதில்லை. தேசிய நாடகப் பள்ளியில் முதல் சுற்றைத் தாண்டியவர்களைத் தில்லிக்கு அழைத்துச் சில நாட்கள் பட்டறை நடத்திப் பார்க்கிறார்கள். வசனத்தோடு பாட்டும் கேட்பார்கள். பலர் இதற்காகச் சினிமாப் பாட்டு ஒன்றைக் கரோக்கியில் ஏற்றி, மூலத்தில் பாடகர் இழுத்த இழுப்பு முதற்கொண்டு பழகிக்கொண்டு வருகிறார்கள். நல்ல குரல்களாகவே இருக்கும். பக்கத்தில் இன்னொருவர் வேறு சுருதியில் ஆரம்பித்தால் தடுமாறிவிடுவார்கள். தனியாகப் பாடிப் பழகியதன் விளைவு இது. ஒத்துப் பாட, இன்னொருவருக்காகக் குரலை அடக்க, தன் முறை வரும்வரை தாளத்தை உள்ளேயே ஓட்டிக்கொண்டிருக்கக் கோயில் பஜனையும் நாடக மேடையும் சொல்லித்தந்ததைக் கைப்பேசி சொல்லித்தருவதில்லை.

நடிப்பையும் சங்கீதத்தையும் ஒரே ஆளில் சேர்க்கும் இந்தப் பிரச்சினைக்கு இங்கிலாந்தில் வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள். நியூபரி அருகே பழைய தண்ணீர் ஆலை ஒன்றில் வாட்டர்மில் என்று சின்னத் தியேட்டர் இருக்கிறது. தனியாக ஒரு வாத்தியக் குழுவை அமர்த்த இப்படிப்பட்ட அரங்குகளுக்குக் கட்டுப்படியாகாது. ஜான் டாயில் என்ற இயக்குநர் நடிகர்கள் கையிலேயே வாத்தியங்களைக் கொடுத்துவிட்டார். அங்கே 2004இல் அவர் போட்ட ‘ஸ்வீனி டாட்’ இசை நாடகம் அடுத்த வருடம் நியூயார்க் பிராட்வேக்குப் போனது. பத்துப் பேர், அவர்களே நடிகர்கள், அவர்களே ஆர்கெஸ்ட்ரா. பாட்டி லுபோன் என்ற பெரிய நட்சத்திரம் மேடையில் டியூபா ஊதினார். லண்டனில் உள்ள ரோஸ் புரூஃபர்ட் கல்லூரியில் நடிகர்-இசைஞர் என்று தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. சேர வருபவர் வசனம் பேச வேண்டும், பாட வேண்டும், வாத்தியம் வாசிக்க வேண்டும்.

வாத்தியத்துக்கு மகரக்கட்டு கிடையாது என்பது அந்த ஏற்பாட்டின் பலம். பலவீனம் உடம்பில் இருக்கிறது. வயலினை மோவாயில் இடுக்கியவர் முகத்தைத் திருப்ப முடியாது. ஊதுபவர் ஊதும்போது பேச முடியாது. செல்லோக்காரர் எழுந்து நடக்க முடியாது. காதலியைப் பார்க்க வேண்டிய இடத்தில் கண் விரலுக்குப் போய்விடுகிறது. நன்றாக வாசிக்கிறவர்களுக்குத்தான் இந்தச் சங்கடம் அதிகம் என்று நினைக்கிறேன். வாத்தியத்தைக் கையில் எடுத்ததும் கச்சேரிக்காரர்களாகிவிடுவார்கள், பாத்திரம் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். தேர்வாளர் பார்க்க வேண்டியது வில்லை இறக்கிய பிறகு வரும் இரண்டு நொடிகளை. அப்போது அந்த ஆள் யாராக இருக்கிறார்?

நம் பக்கத்தில் தேர்வே இல்லாமல் நடக்கும் தேர்வு ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோயில் திருவிழாக்களுக்கு நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறெங்கிருந்தோ. வள்ளி திருமணம் எல்லோருக்கும் பாடம். சுருதியை மட்டும் மேடைக்குப் பின்னால் கேட்டுக்கொள்வார்கள். முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தில் புதுசாக வந்த பையன் மூச்சு வாங்கினால் ஆர்மோனியக்காரர் பின்பாட்டை உயர்த்தி அவனை மூடிக் காப்பாற்றுவார். அவன் அடுத்தவர் பாடும்போது கூட்டத்தைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான் என்றால், அடுத்த முறை மூச்சு வாங்கும்போது பெட்டி சும்மா இருக்கும். விடிந்ததும் சம்பளம் சரியாக எண்ணிக் கொடுப்பார்கள், காபி வாங்கித் தருவார்கள், யாரும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டார்கள். அந்த ஆர்மோனியக்காரர் வாசிக்கும் மேடைக்கு அவனுக்கு மறுபடி தேதி வராது.